வீட்டில் கேஸ் உண்டு

உடையார்பாளையம்
8-8-1984

பெருமதிப்பிற்குரிய மச்சான் பாலசுந்தரம் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய அய்யாக்கண்ணு கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை பஞ்சவர்ணமும் மகள் ராசாத்தியும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அதுதான் முறை, ஆகையால் சுகம். அவ்விடம் திருச்சியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்டு எழுதிப் போட்டவருக்கு என்ன குறை, அந்தக் கார்டால் அலைகிறவனுக்குத்தானே கேடு. மழை இல்லை. முந்திரி இந்த வருஷம் சுமார்தான். மரியாதைகள் முடிந்தன, விஷயத்துக்கு வருகிறேன்.

ராசாத்தியின் கல்யாணத்துக்காக நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெரம்பலூர் கண்ணையன் குடும்பத்தைக் கண்டுபிடித்தது நீங்கள். அவருடைய இளைய மகன் அண்ணாதுரைக்கு அரசாங்க ஆபீசில் எழுத்தர் வேலை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம், ரிட்டயர் ஆனால் பென்ஷன் என்றெல்லாம் எங்களுக்கு எடுத்துச் சொன்னதும் நீங்கள். அதோடு நின்றிருந்தால் உங்களுக்குக் கோயில் கட்டியிருப்பேன். ஆனால் நீங்கள் அவர்களுக்கு ஒரு கார்டு போட்டீர்கள். அந்தக் கார்டை முந்தாநாள் பெரம்பலூரில்தான் என் கண்ணால் பார்த்தேன். "பெண் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். குணம் தங்கம். வீட்டில் கரண்ட் உண்டு. ரேடியோ உண்டு. கேஸ் உண்டு." மச்சான், நீங்கள் முப்பது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவர், துரைமார்களுக்கே இங்கிலீஷில் பதில் எழுதியவர். கேஸ் அடுப்பு உண்டு என்று இன்னும் ஒரு சொல் சேர்த்து எழுதினால் கார்டில் இடம் போதாதா? கீழே பாதி இடம் சும்மாத்தானே கிடந்தது!

இந்தக் 'கேஸ்' என்ற சொல்லை வெள்ளைக்காரன் எதற்காகக் கண்டுபிடித்தானோ தெரியாது, நம் ஆட்களுக்கு அது இல்லாமல் பேச்சே ஓடுவதில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் தங்கையைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்சம்மா வராந்தாவில் வந்து நின்று "இந்தக் கேஸுக்கு ஆள் யாரு?" என்று கேட்டார், உங்கள் தங்கையை ஏதோ திருட்டில் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தவன். வயிறு உப்பினால் டாக்டர் கேஸ் என்கிறார். வக்கீல் கேஸ் என்கிறார். போலீஸ்காரர் கேஸ் போடுவேன் என்கிறார். துணிமணி வைக்கிற பெட்டி சூட்கேஸ். கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறவனைப் பார்த்தால் 'அது ஒரு கேஸ்' என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அடுப்புக்கு ஒன்று, கோர்ட்டுக்கு ஒன்று என்று இங்கிலீஷில் எழுத்தே வேறாம், சத்தமும் வேறாம், ராசாத்தி சொல்கிறாள். இருக்கலாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே கேஸ்தான். நம் ஊர் வாயிலும் ஒரே கேஸ்தான்.

கண்ணையனும் அவர் சம்சாரம் பச்சையம்மாளும் பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று பெருமை தலைக்கேறியிருந்தது. நீங்கள் உங்கள் பேரில் எழுதி வைத்து, வாங்கி, லாரியில் ஏற்றி அனுப்பிய அந்தச் சிவப்பு சிலிண்டரை உங்கள் தங்கை காலையிலேயே துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள். காபி குடித்து முடித்ததும் கண்ணையன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்க வூட்ல கேஸ் இருக்குன்னு கார்டுல போட்டிருந்துச்சுங்க..."

"ஆமாங்க. இந்தத் தெருவுலயே நம்ம வூட்ல மட்டுந்தான்."

"எத்தன நாளாங்க?"

"எழுதிப் போட்டு நாலு வருஷம் அலைஞ்சோம். போன சித்திரையிலதான் வந்துச்சு."

"யாரு பேர்லங்க இருக்கு?"

"பேருதான் மச்சான் பேரு. நடத்துறதெல்லாம் நம்ம ராசாத்திதான். அவ அம்மா பயந்துகிட்டு கிட்டக்கயே போவமாட்டா."

"பொண்ணேவா நடத்துது?"

"பத்த வைக்கிறதுலேர்ந்து அணைக்கிறது வரைக்கும் அவதாங்க. வேற ஆளு கை வைக்கவே கூடாதும்பா."

அவர் பச்சையம்மாளைப் பார்த்தார். பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வியப்பு தாங்காமல் பொத்துகிறார் என்று நான் நினைத்தேன்.

"எப்பங்க முடியும்?" என்றார் கண்ணையன்.

"நாப்பது நாளுன்னாங்க. நம்ம சிக்கனமா ஓட்டுறதால ரெண்டு மாசம் இழுக்கும்."

"முடிஞ்சிருச்சுன்னா நிம்மதிதான?"

"எங்கங்க நிம்மதி? முடிஞ்சா மறுபடி எழுதிப் போட வேண்டியதுதான். ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. ஒரு தடவ பழகிட்டா அது இல்லாம இருக்க முடியுதுங்களா?"

இப்போது எழுதும்போது எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு நான் அதை வீட்டுக்கு வீடு சொல்லிப் பெருமைப்பட்டேன். போதாக்குறைக்கு, அவர்கள் திரும்பிப் போகிற வழியில் நம் அங்கமுத்துவின் டீக்கடையில் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். அங்கமுத்து நமக்கு வேண்டியவன், விட்டுக்கொடுத்துப் பேசுவானா? "அய்யாக்கண்ணு அண்ணன் வூட்டு கேஸுங்களா? தெரியாம என்ன, வந்த அன்னிக்கு ஊரே போய்ப் பாத்துச்சு. எப்ப வெடிக்குமோன்னு அக்கம்பக்கம் பயந்துகிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லி, அதற்குமேல் அவர்களிடம் டீக்குக் காசு வாங்க மறுத்திருக்கிறான். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்து, "நல்லா சொல்லி வச்சிருக்கேண்ணே" என்று சிரிக்கிறான்.

அந்த மூன்று வாரமும் பெரம்பலூரிலிருந்து சத்தமில்லை. உங்கள் தங்கை மூன்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு கவர் வந்தது. அதில் கண்ணையன் எழுதுகிறார்: "தங்கள் மகள் நடத்திவரும் கேஸை மறைக்காமல் சபையில் சொன்ன நாணயத்தை மெச்சுகிறோம். எங்கள் பையன் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவன். கேஸ் உள்ள பெண்ணைக் கட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனாலும் மனிதாபிமானத்தை உத்தேசித்துச் சம்மதிக்கிறோம். அதை முன்னிட்டு முன்பு பேசியதோடு ஒரு ஸ்கூட்டர் சேர்த்துச் செய்யவும்." நான் இரண்டு முறை படித்தேன். கேஸுக்கும் ஸ்கூட்டருக்கும் என்ன சம்பந்தம், ஸ்கூட்டர் பெட்ரோலில்தானே ஓடுகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். ராசாத்தி வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பா, உன் பொண்ணு மேல கோர்ட்டுல கேஸ் நடக்குதுன்னு நெனச்சுகிட்டாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வயசுப் பெண்ணின் பெயர் பெரம்பலூர் வரைக்கும் கோர்ட்டு வாசலில் நிற்கிறது, அதற்கு நான் பொட்டு வைத்து விளக்கம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

சரி, நேரில் போய்ச் சொல்லிவிடுவோம், எங்கள் வீட்டில் எந்தக் கேஸும் கிடையாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வருவோம் என்று முந்தாநாள் காலையில் கிளம்பினேன். முந்திரித் தோப்பிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு வர நேரமாகிவிட்டது, அங்கமுத்து சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டான். மெயின் ரோட்டில் ஏறியதும் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாதாம். "விட்ருங்க சார், கல்யாணக் காரியமா போறோம்" என்றேன். "யாரா இருந்தாலும் இன்னைக்கு விட முடியாதுய்யா. இந்த மாசம் கேஸ் கம்மி, அய்யா திட்டுறாரு" என்று பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டார். ஆக, மச்சான், எங்கள் வீட்டில் கேஸ் இல்லை என்று சொல்லப் புறப்பட்டவன் ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு கேஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூரில் பஸ் மாற வேண்டும், பசி, மூன்று போண்டா தின்றேன். அது எப்போது சுட்டதோ, பெரம்பலூர் போய்ச் சேருவதற்குள் வயிற்றில் மத்தளம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

கண்ணையன் வீட்டில் நல்லபடியாகத்தான் உட்கார வைத்தார்கள். நான் நெஞ்சைத் தடவிக்கொண்டு நெளிவதைப் பார்த்து, "என்னங்க, முகமே சரியில்லையே?" என்றார். "ஒண்ணுமில்லங்க, கேஸ் தொந்தரவு" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாப் போயிடும், மனசத் தளர விடாதீங்க" என்றார். சட்டென்று எனக்கு நான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. "இது அந்தக் கேஸ் இல்லீங்க, இது வயித்துக் கேஸ்" என்றேன். "அப்ப வந்து, பொண்ணு நடத்துற கேஸ்?" என்றார். "அதுவும் நீங்க நெனைக்கிற கேஸ் இல்லீங்க. அது அடுப்புக் கேஸ்" என்றேன்.

அப்படிச் சொன்னதுதான் தாமதம், உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்த பச்சையம்மாள் செம்பைக் கீழே போட்டுவிட்டார். கண்ணையன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அடுப்புக் கேஸா? உங்களுக்கு யாருங்க சொன்னது? அதுதான் முடிஞ்சு போச்சே" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? நான் சிலிண்டரை நினைத்துக்கொண்டு, "எங்கங்க முடிஞ்சது? இன்னும் பாதி இருக்கு" என்றேன்.

"பாதி இருக்கா? வக்கீலு ஒண்ணுமில்லாம பண்ணிட்டேன்னாரே!"

"நேத்துகூட ஆட்டிப் பாத்தேங்க, கனமாத்தான் இருக்கு."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டினார். மூத்த மகன் தங்கராசுக்கு அரும்பாவூரில் பெண் எடுத்திருந்தார்களாம். செங்கமலம் என்று பெயர். கல்யாணமாகி எட்டாம் மாசம் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துவிட்டதாம். "அதுக்கு அடுப்பு வேலையே தெரியாதுங்க. பம்ப கண்டபடி அடிச்சிருக்கு. முதுகு பூரா வெந்து போச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல, அம்மா வூட்ல இருக்கு. போலீசுல ஆக்சிடென்ட்டுன்னு எழுதி முடிச்சாச்சு. அந்தப் பொண்ணோட அண்ணங்காரன்தான் விடாம கோர்ட்டுக்குப் போய் நிக்கிறான்" என்றார். பிறகுதான் எனக்கும் அவருக்கும் ஒருவழியாகத் தெளிந்தது. எங்கள் வீட்டில் இருப்பது அடுப்பு, அவர் வீட்டில் இருப்பதுதான் கேஸ். தெளிந்த பிறகு அவர் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! "அப்ப பொண்ணு மேல குத்தமே இல்லையா? நல்லதாப் போச்சு. அடுப்பு வேல தெரிஞ்ச பொண்ணாத்தான் நாங்களும் தேடுறோம். ஸ்கூட்டர் பேசுனது பேசுனபடியே இருக்கட்டும். அந்தக் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் பொண்ணோடயே அனுப்பிடுங்க" என்றார். கேஸ் உள்ள பெண் என்பதற்காகக் கேட்ட ஸ்கூட்டர், கேஸ் இல்லை என்றான பிறகும் அப்படியே நிற்கிறது பாருங்கள். அதுவாவது பரவாயில்லை, கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அந்த அரும்பாவூர்ப் பெண்ணின் நினைப்பாகவே இருந்தது. ஆனால் உட்கார்ந்து நிதானமாக யோசித்தால் நியாயமும் தெரிகிறது. விபத்து எந்த வீட்டில்தான் இல்லை? போலீசே எழுதிக் கொடுத்த பிறகு நாம் யார் கேட்பதற்கு? அந்தப் பெண்ணுக்கு ஸ்டவ் பழக்கமில்லை, நம் ராசாத்திக்குப் பழக்கம் உண்டு. அதோடு இவன் மூத்தவன் இல்லை, இளையவன், இவனுக்கு உத்தியோகம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் இதைவிட்டால் அரசாங்க மாப்பிள்ளைக்கு எங்கே போவது? முந்திரிக்கொட்டை உடைக்கிறவன்தான் கிடைப்பான். நேற்று இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். ராசாத்தி மட்டும் ஒன்று கேட்டாள். "ஸ்டவ்வுக்கு முன்னால உக்காந்து பம்ப அடிச்சா மூஞ்சியும் கையுந்தான வேகும்? அவங்களுக்கு முதுகு எப்படிப்பா வெந்துச்சு?" என்றாள். சின்னப் பெண், எதையாவது துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "போயி வேலையப் பாரு" என்று அதட்டிவிட்டேன்.

ஆகையால் மச்சான், நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். குழப்பம் உங்கள் கார்டால் வந்தது, நீங்கள்தான் தீர்க்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெரம்பலூர் போய், ஸ்கூட்டரை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பேசி, ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் தேதி குறித்துக்கொண்டு வாருங்கள். அடுப்பைக் கொடுத்துவிடலாம், உங்கள் தங்கை பழையபடி விறகுக்குப் பழகிக்கொள்வாள். அந்தக் கோர்ட்டு விஷயத்தை நம் சொந்தக்காரர்கள் யாரிடமும் மூச்சுவிட வேண்டாம். யாராவது கேட்டால் பெரம்பலூர் வீட்டிலும் கேஸ் உண்டு என்று மட்டும் சொல்லிவையுங்கள், அவரவர் தங்களுக்குத் தோன்றியபடி புரிந்துகொள்ளட்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும். குலதெய்வம் உங்கள் குடும்பத்துக்கு நோய்நொடி இல்லாத ஆயுசையும், உங்கள் கைக்கு இன்னும் கொஞ்சம் விளக்கமாகக் கார்டு எழுதுகிற புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குப் பசை கேட்டேன். ராசாத்தி கடிதத்தை வாங்கி முழுதும் படித்துவிட்டு, "மாமாவ பெரம்பலூருக்குப் போவச் சொல்லாதப்பா, நான் காலையிலயே கார்டு போட்டுட்டேன்" என்றாள். யாருக்கு என்றேன். கண்ணையனுக்காம். கேட்டதும் கையை ஓங்கிவிட்டேன், மச்சான், பொய் சொல்லமாட்டேன். உங்கள் தங்கை குறுக்கே வந்து நின்றாள். "என்ன எழுதியிருக்கான்னு கேட்டுட்டு அடிங்க" என்றாள். ராசாத்தி நோட்டில் எழுதிப் பார்த்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள்: "மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் வீட்டுக் கேஸ் தீர்ந்தால் மறுபடி எழுதிப் போட்டுக்கொள்வோம். உங்கள் வீட்டுக் கேஸ் தீர்ந்துவிட்டதா என்று அரும்பாவூர் போய்ச் செங்கமலம் அக்காவிடமே கேளுங்கள். அந்த அக்கா தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பும் வரை எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

மேலே இத்தனை பக்கம் எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நீங்களும் படிக்க வேண்டும் என்றுதான் அப்படியே அனுப்புகிறேன். பெரம்பலூர் போக வேண்டாம், தேதி குறிக்க வேண்டாம், யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம். ராசாத்தி கேட்ட கேள்வியைக் கண்ணையன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும், மச்சான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.